எல்லாம் பிராந்துதானா?

எங்கள் முற்றத்தில் நிழல் ஒன்று ஓடினால் போதும், "பிராந்து வருது, குஞ்சைப் பஞ்சாரத்துல அடை!" என்று ஆச்சி குரல் கொடுப்பார்கள். தம்பி கல்லும் கையுமாக ஓடுவான். வந்தது எந்தப் பறவை என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இது சரியன்று என்பதே என் கருத்து.

தோழியரே, மலையடிவாரத்து வாசுதேவநல்லூரில் வாழும் நமக்கு இவற்றை இனம் பிரித்தறிவது கடினமன்று. முதலில் வாலைப் பாருங்கள். நுனி பிளவுபட்டிருந்தால் கள்ளப்பருந்து. வால் நுனி வளைவாகவும், உடல் செங்கல் நிறமாகவும், தலை வெண்மையாகவும் இருந்தால் செம்பருந்து. அதைக் கண்டால் மட்டும் ஆச்சி "கருடன்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், கல்லெறிய விடமாட்டார்கள்! புறா அளவில், சாம்பல் நிற முதுகோடு, கிளையிலிருந்து சட்டெனப் பாய்வது வல்லூறு. வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வெண்ணிறப் பறவை கருந்தோள் பருந்து. அதன் முக்கிய உணவு எலி. நெல்லைத் தின்னும் எலியைப் பிடிக்க வந்த பறவைமேல் கல்லெறிவது என்ன நியாயம்?

அறிஞர்களும் தோற்றத்தை நம்பி ஏமாந்ததுண்டு. ராஜாளியையும் பருந்தையும் நெடுங்காலம் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். ராஜாளிக்குப் பருந்தைவிடக் கிளியே நெருங்கிய உறவு என்று 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது.

"கழுகு" என்ற சொல் செய்த தீங்கோ பெரிது. பிணம் தின்னும் பாறுகளையும் நாம் அப்படியே அழைக்கிறோம். திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் உண்ண வந்தவையும் மஞ்சள்முகப் பாறுகளே. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்துபோயின. 2006இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகள் பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே எஞ்சியுள்ளன. "வானத்தில்தான் கழுகு வட்டமிடுகிறதே!" என்பவருக்கு, வட்டமிடுவது பருந்து, போனது பாறு என்று எப்படித் தெரியும்?

இப்பொழுது தம்பி கல்லைக் கீழே போட்டுவிட்டு வாலைப் பார்க்கிறான். கண் மங்கிய ஆச்சியோ, பஞ்சாரத்தைக் கையில் பிடித்தபடியே, "ஏட்டி, வாலு பிளந்திருக்கா?" என்று என்னைக் கேட்கிறார்கள்.