சனிக்கிழமை பஸ் விடுங்க சார்!

கோவிலம்பாக்கம் மெயின் ரோட்டில் ராத்திரி எட்டு மணிக்கு அண்ணாந்து பாருங்கள். போர்டு லைட், கார் லைட், எல்.இ.டி. வெளிச்சம்... நட்சத்திரத்தை விரல் விட்டு எண்ணிடலாம்!

இதே சென்னையில், நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வான ஆராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டுபிடித்தார். நம்ம ஆள்! 1899-ல் நிலையம் கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

இன்று ராத்திரி வானம் பார்க்க வாணியம்பாடி பக்கம், ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூருக்குத்தான் போகணும். அங்குள்ள பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதில் நாம் கண் வைத்துப் பார்க்க முடியாது, அது ஆராய்ச்சிக்கு. பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில் சின்ன டெலஸ்கோப்பில் காட்டுவது வழக்கம். மேகம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது!

ஏலகிரிக்கு வேன் பிடித்துப் போகிறோம். பக்கத்து மலைக்கு யார் போகிறார்கள்? கார் வைத்திருப்பவர் போவார். மாதச் சம்பளக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனால், ராத்திரி மலையிலிருந்து எதில் திரும்புவார்?

கோவில் டூருக்கு ஸ்பெஷல் பஸ் விடத் தெரிகிறதே! தாம்பரத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை காவலூருக்கும் விடட்டும். நிலையத்தாரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கி, பார்த்து முடித்ததும் திரும்பக் கூட்டி வரட்டும். ஓசியில் வேண்டாம். டிக்கெட் காசு கொடுக்க நாங்கள் தயார்!