கண்டிச் சீமையின் நூல்கள் யாருக்கு?

கண்டிச் சீமை என்று நம் முன்னோர் அழைத்த மண்ணின் மக்களைப் பற்றிய நூல்கள் மூன்றையும், சித்திரக் கதை ஒன்றையும் அண்மையில் அடுத்தடுத்துப் படித்தோம். மகிழ்ச்சி பிறந்தது, அதனினும் மிகுதியாக வெட்கம் பிறந்தது.

முதலாவது, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘தேயிலைத் தோட்டத்திலே’. 1947இல் தலவாக்கொல்லை மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனிதர் அவர். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. அத்துயரை அறிந்த நெஞ்சு பாடியது. ஆனால் ஆங்கிலத்திலே பாடியது! சக்தீ பால ஐயாவின் தமிழாக்கம் நூலாக வந்தது 1969இல். கவிதையில் நாம் குறை காணோம். கொழுந்தெடுப்பவளின் கதை அவளுடைய தாய்மொழிக்கு வர இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததே, அதுவே குறை.

இரண்டாவது, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, 1964இல் வெளிவந்த நாவல். தலைப்பு பழமொழியின் முற்பாதி. பிற்பாதி பொய்யென்பதை நம் பாட்டன்மார் இங்கு வந்து கண்டனர். ஆசிரியையின் பரிவு சில இடங்களில் பாத்திரங்களை முந்திக்கொண்டு பேசுகிறது. ஆயினும் நம்மவர் வந்த வழியை மறவாதிருக்க இந்நூல் வேண்டும். அதே 1964 ஒக்டோபரில், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. வந்த கதையை ஒரு பெண்மணி எழுதிய ஆண்டில், திருப்பியனுப்பும் கதையை இரு அரசுகள் எழுதின!

மூன்றாவது, என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, 1980இல் வந்த சிறுகதைத் தொகுதி. மூன்றினுள் இதற்கே நாம் முதலிடம் தருவோம். இரக்கம் கேட்டு அழும் எழுத்தன்று இது. கூடை சுமப்பவளைத் தன்மானமுள்ள பெண்ணாக நம்முன் நிறுத்துவது.

இனிச் சித்திரக் கதை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’. எள்ளி நகையாடவே கையிலெடுத்தோம். ஒரே மூச்சில் முடித்துவிட்டோம்! மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. ஆங்கிலேயரின் கற்பனைதான். ஆனால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும் மனிதரைக் காண இங்கிலாந்துக்கா போக வேண்டும்? உலகம் பருகும் தேயிலையிலே கையின் வேலை தெரிகிறது, ஆளைத்தான் காணோம்.

கலஹாப் பக்கத்து லயமொன்றில், அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தைச் சிறுவர் மூவர் தலைசேர்த்துப் படித்திருக்கக் கண்டோம். மேற்சொன்ன மூன்று நூல்களுள் ஒன்றேனும் அங்கில்லை. சித்திரக் கதை பிள்ளைகளைக் கெடுக்கிறதென்று மேடையேறி முழங்கும் பெரியோரை நாம் கேட்கின்றோம்: அதற்குப் பதிலாக எந்த நூலை நீங்கள் லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்? படிப்பவன்மீது பழியா? கொடுக்காதவன்மீது பழியா?

கண்டிக்கருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயரை உலகம் அறியும். அம்மண்ணில் குழி வெட்டியவர்களின் பெயரை யார் அறிவார்? அந்த வரலாறு சித்திரக் கதையாகவே வரட்டும். தோட்டத்து மக்களும் கமக்காரரும் தம் பாட்டன்மார் கதையைச் சொல்லட்டும், ஓவியர் வரையட்டும், வைத்தியரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் அச்சுக்கூலியை ஏற்கட்டும். முதற்பிரதி புத்தகக் கடைக்கன்று, லயத்துக்குப் போகட்டும்.

கை மட்டும் தெரிந்தது போதும். இனி முகம் தெரியட்டும்!