கஞ்சி குடித்தவர் எப்படி எழுந்து நடப்பார்?

இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து பாட்டி வீடு திரும்புகிறார். வாக்கர் வந்தாயிற்று. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து போகிறார். இரவுக்கு ஒரு அட்டெண்டர். பெங்களூரில் இதற்கெல்லாம் பணம் தண்ணீராய்க் கரையும். பிள்ளைகள் முகம் சுளிக்காமல் செலவு செய்கிறார்கள். அடுப்படியில் மட்டும் பத்தியம். காலையில் ராகி கஞ்சி, மதியம் குழைந்த ரசம் சாதம், சாயங்காலம் காபியில் நனைத்த பிஸ்கட், ராத்திரி இரண்டு இட்லி. கேட்டால், "வயசான உடம்பு, இதுக்கு மேல செரிக்காதுங்க." ஜெயநகரானாலும் அல்சூரானாலும் இதே பதில்தான். கன்னடக்காரர் வீட்டிலும் 'திளி சாறு அன்னா', அதாவது தெளிந்த ரசம் சாதம்தான் நோயாளிக்கு.

இதைப் பரிவு என்கிறோம். நான் அரைப்பட்டினி என்பேன்.

கஞ்சிக்கு 30 கிராம் ராகி மாவு போட்டால் புரதம் 2 கிராம். இட்லி ஒன்றுக்கு 2 கிராம். சாதத்தையும் காபியில் உள்ள பாலையும் சேர்த்தாலும் நாள் முழுக்க 20 கிராம் தேறுவது கஷ்டம். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும். நோயிலிருந்து தேறுபவருக்கு 1.2 முதல் 1.5 வரை என்று 2013-இல் வந்த சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை சொல்கிறது. 60 கிலோ பாட்டிக்கு 72 கிராமுக்குக் குறையக் கூடாது. கால்பங்கு போட்டுவிட்டு, "எக்சர்சைஸ் பண்ண மாட்டேங்கிறாங்க" என்று பாட்டியையே குறை சொல்கிறோம்.

படுக்கை தசையைத் தின்னும். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோய்நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். கிலோவுக்கு 0.8 கிராம் புரதமும் கொடுத்தார்கள். அப்படியும் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிற்று. நம் பாட்டிக்கோ எலும்பு முறிவு வேறு, ஆபரேஷன் வேறு.

செரிக்காது என்பதும் சரியல்ல. வயதானால் புரதத்தைச் செரிக்கும் திறன் பெரிதாகக் குறைவதில்லை. கிடைத்த புரதத்தைத் தசையாக்கும் வேகம்தான் மந்தமாகிறது. அதனால்தான் இளையவரைவிட அதிகம் தேவை, அதையும் மூன்று வேளைக்கும் பிரித்துத் தர வேண்டும். பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்கும் என்பது இன்னொரு பேச்சு. சீழுக்குக் காரணம் கிருமி. புண் ஆறவே புரதம் வேண்டும், அதைத்தான் நிறுத்துகிறோம்!

ராகிமேல் எனக்குக் கோபமில்லை. சுண்ணாம்புச்சத்தில் அதற்கு ஈடான தானியம் ஏது? ஆனால் தனியாக விட்டால் அது வெறும் கஞ்சி. அதே மாவைப் பாலில் காய்ச்சலாம். முட்டை ஒன்றில் புரதம் 6 கிராம். 50 கிராம் பாசிப்பருப்பில் சுமார் 12. பல் இல்லையென்றால் குழைய வேக வைத்து மசிக்கலாம். மார்கழி வந்தால் ஊரெல்லாம் அவரைக்காய் மணக்கிறது. தோலுரித்த பருப்பில் சாறு வைக்கத் தெரியாத வீடு இங்கே உண்டா?

சோறு மட்டுமே எழுப்பிவிடாது என்பதும் உண்மை. 1994-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், சராசரி 87 வயதுக்காரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தபோது தசைவலு இரட்டிப்புக்கும் மேல் கூடியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலனில்லை. பயிற்சிதான் தசையை வளர்க்கும். அதற்குச் சரக்கு தட்டிலிருந்துதான் வர வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் விழுங்கச் சிரமப்படுபவருக்கு முதலில் விழுங்கும் பரிசோதனை. மற்றவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே டயட்டீஷியனைக் கேளுங்கள்: "தினமும் எத்தனை கிராம் புரதம், எந்த வேளைக்கு என்ன?" பதிலை எழுதி வாங்காமல் ஆட்டோ ஏறாதீர்கள்.