ஐந்து பேர் இட்ட கையொப்பம்

அந்தக் காலத்துக் கலைஞர்கள் ஒழுக்கமாக வாழ்ந்தார்கள், மக்களும் அவர்களை மரியாதையோடு நடத்தினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புகழும் பணமும் இருபது வயதிலேயே வந்துவிடுவதால் தலைகால் புரியவில்லை. இளம் நடிகரோ பாடகரோ ஏதேனுமொரு வம்பில் சிக்கும்போதெல்லாம் நம் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் தவறாமல் ஒலிக்கும் வாசகம் இது. புதுவைக்காரர்களாகிய நாம் இதைச் சற்றுக் கூடுதலாகவே கேட்கிறோம். வார இறுதியில் மலிவு மதுவை நாடிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்திறங்கும் கனவான்கள், கடற்கரையில் தள்ளாடி நின்றபடி, திரையுலகின் சீரழிவு பற்றி நமக்கு வகுப்பெடுப்பார்கள். அவ்வாசகத்தின் இரண்டு பாதிகளுமே பொய் என்பது நம் வாதம். சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வரை நடந்தால் போதும்.

1908இல் சுப்பிரமணிய பாரதி புதுவைக்கு வந்தபோது அவருக்கு 26 வயது நிரம்பவில்லை. சினிமா இல்லாத நாட்கள். பிரபலம் என்ற சொல்லுக்கு அன்று பொருளிருந்ததென்றால், அது சுதேசியம் பேசியவர்களையும் எழுதியவர்களையுமே குறித்தது. பாரதியோ ‘இந்தியா’ பத்திரிகையால் தமிழ் படித்தோர் நடுவே பேர்பெற்றவர். பிரிட்டிஷ் அரசு தேடிக்கொண்டிருந்தவர். அடுத்த பத்து ஆண்டுகள் இவ்வூரில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை இன்றைய செய்தித் தொலைக்காட்சி ஒன்றின் கையில் கொடுத்துப் பாருங்கள். கடன். வீட்டு வாடகை பாக்கி. உலைக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைக்கும் குடும்பத்தலைவர். ஊர் பித்தரென்று ஒதுக்கிய குள்ளச்சாமியோடு திரிதல். அபின், கஞ்சா. 1913இல் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் அணிவித்து, பிராமணன் ஆகிவிட்டாய் என்று அறிவித்தது. பட்டியலின் கடைசி வரி இன்று நமக்குப் பெருமை; அன்று, அக்கிரகாரத்தின் கண்ணில், மற்ற எல்லாவற்றையும்விடக் கொடிய நடத்தைக்கேடு அதுதான். ‘கெட்ட நடத்தை’ என்பது எந்தப் பட்டியல், அதை எழுதுபவர் யார் என்ற கேள்வியை வாசகர் இந்த இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊர் சிரித்தது, பித்தன் என்றது. பின்னர் 1918இல் புதுவையை விட்டுக் கடையத்துக்குப் போனபோது, மனைவியின் தோளில் கைபோட்டுத் தெருவில் நடந்ததற்காக அங்கேயும் சிரித்தது, ஒதுக்கியது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் இறந்தபோது உடலோடு சுடுகாடு வரை சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தக் காலத்து மக்கள் கலைஞனை மரியாதையோடு நடத்திய இலட்சணம் இது.

ஆனால் கதை அவ்வளவோடு முடியவில்லை. நாம் பேசவந்ததே மறுபாதியைத்தான். வீட்டுக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வருவார். பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாடகையைக் கேட்காமலே எழுந்து போய்விடுவார். முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமிச் செட்டியார், பாரதி சூட்டிய பெயரில் ‘வெல்லச்சு’, கேட்காமலே பணம் கொடுத்துவிட்டுப் போவார். பொன்னு முருகேசம் பிள்ளை வீட்டின் கதவு எப்போதும் திறந்திருந்தது. வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் அறிமுகமான சுப்புரத்தினம் என்ற பள்ளி ஆசிரியர் பின்னர் தம் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். இவர்களில் யாருக்கும் பாரதியின் பழக்கங்கள் தெரியாமல் இல்லை. சின்ன ஊர், தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தும் உடனிருந்தார்கள். உடனிருந்ததால் ஒப்புக்கொண்டார்கள் என்று பொருளில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை தம் நினைவுக்குறிப்பில் அந்த இலேகியப் பழக்கத்தைக் கண்ட வருத்தத்தை மறைக்காமல் எழுதினார். வருந்தினாரேயன்றி நட்பைத் துண்டிக்கவுமில்லை, நண்பரைக் காக்கிறேன் என்று உண்மையைப் புதைக்கவுமில்லை.

இந்த மனநிலைக்கு இவ்வூர் வரலாற்றில் ஓர் எழுத்துமூலமான அடையாளமும் உண்டு. 1911இல் மணியாச்சியில் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, புதுவையில் தங்கியிருந்த சுதேசிகளை வெளியேற்றப் பிரிட்டிஷார் பலவிதமாக முயன்றனர். வெளியூர்க்காரர்கள் இங்கே தங்க உள்ளூர்ப் பிரமுகர் ஐவர் அவர்களுக்காகப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் விதி வகுத்தது. அந்த ஐந்து கையொப்பங்களைத் தேடி வாங்கித் தந்தவர் கலவை சங்கரச் செட்டியார். முந்தைய ஆண்டு அரவிந்தர் வந்திறங்கியபோது தம் வீட்டில் இடம் கொடுத்தவரும் அவரே. ஒற்றர்கள் தெருமுனையில் நிற்க, ஊர் வாய்க்கு வந்தபடி பேச, வியாபாரமும் குடும்பமும் உள்ள ஐந்து பேர் இந்த மனிதர்களுக்கு நாங்கள் பொறுப்பு என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்தார்கள். யோக்கியர்கள் என்று நிரூபித்துவிட்டு வாருங்கள், பிறகு கையொப்பமிடுகிறோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி இன்றைய காட்சிக்கு வருவோம். நடுவே ஒரு நிறுத்தம் அவசியம். ஏனெனில் இந்த நோயைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான் கொண்டுவந்தன என்று சிலர் நம்புகிறார்கள். 1940களில் லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்றும் பின்னர் ‘இந்து நேசன்’ என்றும் நடத்திய பத்திரிகைகள் நடிகர் நடிகையரின் படுக்கையறைச் செய்திகளால் விற்றவை. அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? நம் தாத்தாக்கள்தாம். 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறை சென்றனர். அதே வேளையில் 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரு கையில் வம்புப் பத்திரிகை, மறு கையில் அனுமதிச்சீட்டு. 1947இல் இருவரும் விடுதலையாகி வந்தபோது, அந்தக் கூட்டம் பாகவதரின் புதிய படங்களைப் பழையபடி கொண்டாடவில்லை.

2005க்கு வருவோம். குஷ்புவுக்குக் கோயில் கட்டிய மாநிலம் இது. அவ்வாண்டு ‘இந்தியா டுடே’ தமிழ்ப் பதிப்பில் திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி அவர் ஒரு கருத்துச் சொன்னார். கருத்துத்தான்; செயலன்று. துடைப்பமும் செருப்பும் தூக்கியபடி ஊர்வலங்கள் கிளம்பின. தமிழ்ப் பெண்களின் கற்பைக் காக்க ஊர் ஊராக வழக்குகள் தொடுக்கப்பட்டன. 22 வழக்குகளையும் உச்சநீதிமன்றம் 2010 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நம் இலக்கிய உலகின் பெரும்பகுதி என்ன செய்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடிகை விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்கியது. அவர் சார்பில் குரல்கொடுத்த சிலரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கையொப்பமிட ஐந்து பேரைச் சேர்ப்பது பெரும்பாடாகவே இருந்தது.

2015 டிசம்பரில் சிம்பு, அனிருத் பெயர்களோடு வெளியான ‘பீப் பாடல்’ விவகாரம் வேறு வகை. அந்தப் பாட்டு பெண்களை இழிவுபடுத்தியது. அதைக் கண்டித்த மகளிர் அமைப்புகள் செய்தது சரி. அதில் நமக்கு ஐயமில்லை. நாம் பேசுவது கண்டனத்துக்குப் பிறகு நடந்ததைப் பற்றி. ஒரு பக்கம், இவர்களை உள்ளே தள்ளும்வரை ஓயமாட்டோம் என்ற கூட்டம். மறுபக்கம், எங்கள் தலைவர் எந்தத் தவறும் செய்யவில்லை, எல்லாம் சதி என்ற இரசிகர் கூட்டம். தவறு செய்தாய், அது எங்களுக்குத் தெரியும், இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க நடுவே ஒருவர்கூட இல்லை. விளக்கெண்ணெய்ச் செட்டியார் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடந்தது.

பாரதியையும் பீப் பாடலையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சினப்போர் உண்டு. நாம் வைக்கவில்லை. தராசில் நிற்பவர்கள் பார்ப்பவர்கள்தாம், பாடுபவர்கள் இல்லை. தவிரவும், இச்சினத்துக்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. மகாகவியானபின் மன்னிப்பது எளிது. 1912இல் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் எந்த வீட்டின் மேலும் ‘இங்கு மகாகவி வசிக்கிறார்’ என்று பலகை தொங்கவில்லை. மீசை முறுக்கிய, கடன்பட்ட, கண் சிவந்த ஓர் இளைஞரே அங்கிருந்து இறங்கி வந்தார்.

அந்த மன்னிப்பும்கூட முழுமையானதன்று. தவறை அழித்துவிட்டல்லவா மன்னிக்கிறோம்! அவருடன் பழகியவர்கள் மறைக்காமல் எழுதிவைத்தவற்றைப் பாடநூல்களும் மேடைகளும் நூறாண்டுகளாகச் சலித்து எடுத்துவிட்டன. இன்றைக்கு ஒரு பட்டிமன்றத்தில் எழுந்து பாரதிக்கு அபின் பழக்கம் இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். கீழே இறங்குவதற்குள் தமிழ்த்துரோகி ஆகிவிடுவீர்கள். உயிரோடிருப்பவரின் மேல் தக்காளி எறியும் கையும், இறந்தவரின் படத்துக்குச் சுண்ணாம்பு பூசும் கையும் ஒன்றே. குறையும் மேதைமையும் ஒரே உடம்பில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் திராணி அதற்கு இல்லை.

பாரதி மறைந்த நூற்றாண்டான 2021இல் தமிழக அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. நல்லது. நம் ஊரிலும் டிசம்பர் 11 வந்தால் அவர் வாழ்ந்த வீட்டில் மாலைகளுக்குக் குறைவிருக்காது. மாலை போட வருவோரிடம் நாம் வைப்பது ஒரே கோரிக்கை. மேடையில் தலைப்பாகையையும் மீசையையும் பாடி முடித்ததும், வெல்லச்சு கிருஷ்ணசாமிச் செட்டியார், விளக்கெண்ணெய்ச் செட்டியார், பொன்னு முருகேசம் பிள்ளை, சங்கரச் செட்டியார் என்ற பெயர்களையும் உரக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.