இருபது வயதில் நடுக்கு வாதம்! ஈ காட்டிய உண்மை

கை நடுங்குகிறது. பித்தானைப் போட விரல் வளையவில்லை. கால் தரையோடு இழுபடுகிறது.

"வயதாகி விட்டது, அதனால்தான்" என்பார்கள். வயது 20தான் என்றால்?

"பார்க்கின்சன் வியாதி" என்ற நடுக்கு வாதம் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வருவது. சிலருக்கு மட்டும் 50க்கு முன்பே வந்து விடுகிறது. 20 வயதில் வருவதும் உண்டு.

தூங்கினால் குறையும்!

ஜப்பான் டாக்டர்கள் 1973-ல் இப்படிப்பட்ட இளம் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தூங்கி எழுந்ததும் அவர்களுடைய கை கால் சற்று இளகும். பிறகு பழையபடி விறைத்துக் கொள்ளும்! அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும் வந்தது. பெற்றோருக்கோ வியாதி இல்லை.

குறை பரம்பரையில் இருந்தது. 1998-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அந்த ஜீனைக் கண்டுபிடித்து, "பார்க்கின்" என்று பெயர் வைத்தார்கள். 2004-ல் ஐரோப்பியக் குடும்பங்களில் இன்னொரு ஜீன் அகப்பட்டது. அதன் பெயர் "பிங்க்-1".

பறக்காத ஈ

இவை செய்யும் வேலை என்ன? அதைக் காட்டியது, வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ!

நம் உடம்பு கோடானு கோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி வேண்டும். அதைத் தயாரிக்கும் மின்சார நிலையம் போன்றது "மைட்டோகாண்டிரியா".

பிங்க்-1 கெட்ட ஈக்களால் சரியாகப் பறக்க முடியவில்லை. இறக்கைத் தசையில் இருந்த மைட்டோகாண்டிரியா சிதைந்து கிடந்தது. அந்த ஈக்களுக்குப் பார்க்கினை அதிகமாகக் கொடுத்தார்கள். தசை தேறியது! பார்க்கின் கெட்ட ஈக்களுக்குப் பிங்க்-1 கொடுத்தார்கள். பலன் இல்லை. கொரியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இந்தச் சோதனைகள் 2006-ல் வெளிவந்தன.

பிங்க்-1 காவல்காரன். பழுதான மைட்டோகாண்டிரியாவைக் கண்டால் விசில் ஊதுகிறான். பார்க்கின் ஓடி வந்து, அதை அப்புறப்படுத்த அடையாளம் போடுகிறது. அப்படி ஓடி வருவதை 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செல்லுக்குள் நேரில் பார்த்தார்கள். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் குப்பை தேங்கும். மூளையில் "டோபமைன்" சுரக்கும் செல்கள் மடியும். உடம்பு விறைக்கும்.

பழி யார் மேல்?

"பெண் வீட்டு வியாதி" என்று மருமகளை ஏசுவது பெரிய அநியாயம். இந்தக் குறை தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் வியாதி வரும். இருவரிடமும் குறை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணக்கும்போது, ஒரே பாட்டனின் குறை இரு பக்கமும் இறங்கி வர இடம் உண்டு. ஆனால், இளம் வயதில் நடுக்கம் கண்ட எல்லாருக்கும் இந்த ஜீன்தான் காரணம் என்று நினைத்து விடக் கூடாது.

மருந்து? "லெவோடோபா" மாத்திரை நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கிறது. பார்க்கின் குறை உள்ளவர்களுக்குச் சிறிய அளவே நல்ல பலன் தருவது உண்டு. நாளடைவில் கை கால் தானாக ஆடும் தொல்லையும் வரலாம். வியாதி வளராமல் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. பிங்க்-1 காவல்காரனைத் தட்டி எழுப்பும் மருந்தைத்தான் விஞ்ஞானிகள் இப்போது தேடிக் கொண்டிருக்கிறார்கள்.