செருப்புப் பணம்

பொன்னேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஆலயத்திற்குச் சென்ற ஆண்டு நாம் போக நேர்ந்தது. வாசலின் இருபுறமும் கருங்கல் பலகைகள். மணிக்கூண்டு இன்னார் உபயம், ஒலிபெருக்கி இன்னார் உபயம் எனப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர் உண்டு. விசிறி சுழலும்போது அதைப் படிக்க முடியாது என்பது மட்டுமே நன்கொடையாளருக்கு நேர்ந்த இழப்பு. அதே ஆலயத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்க்கு மந்திரங்கள் கற்பித்து, நோயாளிகளின் இல்லங்களில் செபித்து, குருவானவர் வர இயலாத ஞாயிறுகளில் இறைவார்த்தை வழிபாடு நடத்தி, இறந்தோரைக் கல்லறைவரை கொண்டுசேர்த்த உபதேசியாரின் பெயர் எங்கும் இல்லை.

பெயர் இல்லாததை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்பதைத்தான், அதுவும் நாம் கேட்ட பிறகு, தயங்கிச் சொன்னார். பங்குப் பேரவையில் அதை எடுத்துரைத்தபோது, "உபதேசியாருக்குத் தாழ்ச்சி வேண்டாமா?" என்று ஒருவர் வினவினாராம். அவையில் எவரும் மறுத்துப் பேசவில்லையாம்.

இந்தக் கேள்வியோடுதான் நமக்கு வழக்கு.

தாழ்ச்சி கிறிஸ்தவனின் அணிகலன் என்பதை நாம் மறுக்கவில்லை. முன்னிற்பவருக்குத் தோள்கொடுத்துப் பின்னிற்பது ஓர் அழைத்தல். திருமுழுக்கு யோவானும் புனித சூசையும் வாழ்ந்து காட்டிய அழைத்தல். ஆனால் இறுதி இராவுணவின்போது பாதம் கழுவியவர் யார்? பந்தியின் தலைமையிடத்தில் இருந்தவர். அவர் பர்த்தலோமேயுவை அழைத்து, "நீ போய்க் கழுவு, உனக்குத் தாழ்ச்சி வரும்" என்று சொல்லி அமர்ந்துவிடவில்லை. மேலே இருப்பவன் தானே இறங்கி வந்தால் அது தாழ்ச்சி. கீழே இருப்பவனை இன்னும் கீழே இரு என்று மேலிருந்து சொல்வதற்கு நம் மொழியில் வேறு பெயர்கள் உண்டு.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள்? புனித சவேரியார் 1542 ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் அறிந்த உள்ளூர் ஆட்கள் சிலர் உடன் அமர்ந்து செபங்களைத் தமிழாக்கிக் கொடுத்தார்கள். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று அவர் சிறுவர்களைக் கூட்டினார். எல்லா நோயாளிகளிடமும் போக நேரமில்லாதபோது அச்சிறுவர்களையே அனுப்பினார். ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். மக்களைக் கூட்டிச் செபம் சொல்லித்தருவதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், திருமணத் தடைகளை விசாரித்து அறிவிப்பதும் அவர் வேலை. சவேரியார் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கணக்கப்பிள்ளை அங்கேயே இருப்பார். சவேரியார் 1622 இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருநாளும் இல்லை, சுரூபமும் இல்லை.

ஆனால் சம்பளம் இருந்தது. இதைத்தான் அந்தப் பேரவை உறுப்பினர் அறிய வேண்டும். முத்துக்குளித்துறை வருமானத்தில் ஆண்டுக்கு நாலாயிரம் பொற்பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி சவேரியார் அரசியைக் கேட்டார். மோட்சத்திற்கு ஏறிச்செல்ல இந்தக் கரையின் கிறிஸ்தவக் குழந்தைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்ற கருத்தில் எழுதினார். அரசியும் இசைந்தார். தமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாத துறவி, தம் உதவியாளருக்காக அரண்மனைக்கே கை நீட்டினார். அவர்களுக்குத் தாழ்ச்சி போதாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

"கூலி கொடுத்தால் தொண்டு வேலையாகிவிடுமே" என்பார்கள். பவுலடியார் கூடாரம் செய்து பிழைத்ததையும் காட்டுவார்கள். பவுல் தமக்குரிய உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தார். கொரிந்து சபையார் கூடி அவருக்காக விட்டுக்கொடுக்கவில்லை. மேலும், கொடியேற்றத்தன்று சீரியல் விளக்குப் போட்டவரிடமும், தேர் சோடித்தவரிடமும், வாணவேடிக்கைக்காரரிடமும் இந்தத் தாழ்ச்சியைப் பற்றி நாம் பேசுவதில்லை. முன்பணம் கொடுத்து அல்லவா அழைத்து வருகிறோம்!

உபதேசியாரின் மகன் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு முறை முடிந்து மின்தொடர்வண்டியில் உறங்கியபடி பொன்னேரிக்குத் திரும்புகிறார். தந்தையின் பணியை ஏற்பீரா என்று நாம் கேட்டதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவமதிப்பு இல்லை, கணக்கு இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 தேதியிட்ட மடலின் வழியாக வேதியர் பணியைப் பொதுநிலையினரின் நிலையான திருப்பணியாக நிறுவினார். அதைக் கேள்விப்பட்டதும் எந்த அங்கி, எந்த நாற்காலி என்று விசாரித்தவர்களும் நம்மிடையே உண்டு. அந்த மடல் யாரையும் பதவி உயர்த்தவில்லை. பழைமையான ஒரு பணிக்கு அதற்குரிய பெயரைக் கொடுத்தது. பீடத்தருகே நிற்க ஆசைப்பட்டு இப்பணிக்கு வருபவர், மழைநாளில் கிளைப்பங்கில் நான்கு சிறுவர்களுக்கு முன் நிற்கவேண்டி வரும்போது தளர்ந்துபோவார். அப்படிப்பட்டவருக்குத் தாழ்ச்சியைப் போதிக்கலாம். அதுவும் சம்பளம் கொடுத்த பிறகு.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள். கல்லில் ஆழமாக வெட்டிய பெயர்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? மகிமை மாதா கோயிலில் செபமாலை சொல்லும் மீனவப் பெண்ணுக்கு அச்செபத்தை அவள் பாட்டி கற்றுக்கொடுத்திருப்பாள். அந்தப் பாட்டிக்கு யாரோ ஓர் உபதேசியார். அவருக்குக் கல் எங்கும் நடப்படவில்லை. நடப்பட வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை.

திருவிழா முடிந்து வரவுசெலவு வாசிக்கும் ஞாயிறு எல்லாப் பங்குகளிலும் வரும். அன்று எவரேனும் ஒருவர் எழுந்து, உபதேசியாருக்கு எந்த மாதம்வரை கொடுத்திருக்கிறோம் என்று கேட்கட்டும்.