கையறியாக் கல்வி

கலாசாலை மாணாக்கர் தாமே சிறு பந்தய மோட்டார் அமைத்துப் போட்டியிடும் ‘பார்முலா எஸ்.ஏ.ஈ.’ என்னும் பந்தயம் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிற்று. அம்முறையைத் தழுவிய ‘பார்முலா பாரத்’ நமது கோயம்புத்தூரிலும் நடந்துள்ளது. இவற்றில் பெட்ரோல் எஞ்சினுட் புகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துவாரத்தின் வழியாகவே செல்லவேண்டுமென்பது விதி. ஆதலின் எஞ்சினோடு வந்த காற்றுக்குழாய் உதவாது; ‘இன்டேக் மானிபோல்டு’ என்னும் அவ்வுறுப்பை மாணாக்கரே புதிதாக வகுத்தல் வேண்டும்.

இஃது எளிய காரியமன்று. குறுகிய கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியபின், எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினும் வினாடிக்குச் சுமார் 75 கிராமுக்கு மேல் வாராது. எனவே கழுத்துக்கு அப்பால் குழாய் மெல்ல மெல்ல அகன்று ஒரு காற்றறையிற் சேரவேண்டும். அங்கிருந்து சிலிண்டருக்குச் செல்லும் கிளைக்குழாயின் நீளமும் கணக்கிற்குட்பட்டது. வால்வு மூடுங்கால் எழும் அழுத்த அலை குழாயிற் சென்று மீண்டு, வால்வு மறுபடி திறந்திருக்குந் தறுவாயில் வந்தெய்துமாயின், காற்று மிகுதியாக நிரம்பும். நீண்ட குழாய் மெதுவான சுழற்சிக்கும் குறுகியது விரைந்த சுழற்சிக்கும் ஏற்றதாம்.

இவ்வளவும் காகிதத்தில் முடியும். பின்னர் அதைச் செய்வது யார்? “கணக்கிடுதல் எமது வேலை, செய்தல் பட்டறையின் வேலை, பரீட்சையோ நெருங்கிவிட்டது,” என்பர் மாணாக்கர் பலர். இக்கூற்றில் நியாயம் அறவே இல்லையென்று நாம் சொல்லோம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே வரைபடத்தைப் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அதை நோக்கிய முதியவர், “தம்பி, இந்த மூலைக்குள் என் டார்ச்சு எப்படிப் போகும்?” என்றார். நாம் வாயடைத்து நின்றோம். அத்தகைய வினாவை எந்தப் பரீட்சைத்தாளும் எம்மை அதுவரை கேட்டதில்லை.

அலுமினியத் தகட்டைப் பற்றவைக்குங்கால் வெப்பத்தால் விளிம்பு கோணும்; மீண்டும் சமதளமாகச் சீவாவிடின் எஞ்சினோடு பொருந்தாது. மயிரிழை இடைவெளியிற் கசியும் காற்றால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தடுமாறும். புகுவாயை அடைத்தும் எஞ்சின் நில்லாதாயின் எங்கோ கசிவுண்டென்பது தெளிவு. தன் கையாற் செய்தவன் உடனே விளிம்பை நோக்குவான். விலைக்கு வாங்கியவனோ கணக்கிற் பிழை தேடிக் காலங்கழிப்பான்.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. வாரந்தோறும் ஒரு பிற்பகலேனும் மாணாக்கர் அரமும் டார்ச்சும் ஏந்துக. பற்றவைக்கும் தொழிலாளரைக் கலாசாலைக்கு அழைத்து, ஆசிரியர்க்குரிய ஆசனமும் ஊதியமும் அளித்து, அவர்பாற் பாடங்கேட்போமாக. முதலிற் செய்த குழாய் கோணிப்போகலாம். அதனை எறிந்துவிடாது மேசைமேல் வையுங்கள்; அடுத்த ஆண்டு வரும் மாணாக்கர்க்கு அதுவே முதற்பாடமாகும்.